வாசகர் கேள்வி – பதில்: வறுப்பதற்கு எந்தப் பச்சைக் காப்பிக் கொட்டை?

காப்பிக் கொட்டையை வீட்டிலேயே வறுப்பது பற்றி இப்பகுதியில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், எப்படி வறுப்பது என்பதைவிட எதை வாங்கி வறுப்பது என்பதையே கேட்கின்றன. முதலில் கேட்க வேண்டியதும் அதுதான். சூட்டைக் கூட்டியோ குறைத்தோ செய்த பிழையை அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். கொட்டையில் இல்லாத சுவையை எந்த வறுவலாலும் வரவழைக்க முடியாது. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் இங்கே பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: பச்சைக் காப்பிக் கொட்டை என்று கேட்டு மூன்று மாதிரிகள் வாங்கினேன். ஒன்று நீலம் கலந்த பச்சையாகவும், ஒன்று மஞ்சளாகவும், மற்றொன்று ஏறக்குறையப் பழுப்பாகவும் இருக்கின்றன. பச்சையாக இருப்பதே நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அப்படி எடுத்துக்கொண்டால் நல்ல கொட்டைகள் பலவற்றை ஒதுக்கிவிடுவீர்கள். நிறம் முதலில் சொல்வது தரத்தை அன்று; பழத்திலிருந்து கொட்டையை எவ்வாறு பிரித்தெடுத்தார்கள் என்பதைத்தான். பறித்த பழத்தின் தோலையும் சதையையும் நீக்கி, ஒட்டியிருக்கும் வழவழப்பை நொதிக்கவிட்டுக் கழுவி உலர்த்திய கொட்டை பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ இருக்கும். பழத்தை முழுதாகவே வெயிலில் காயவைத்து, பிறகு ஓட்டை உடைத்து எடுத்த கொட்டையில் மஞ்சள் சாயல் ஏறியிருக்கும்; அதன் மேல் வெள்ளித்தோல் என்னும் மெல்லிய உள்தோல் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். தோலை மட்டும் உரித்துவிட்டு வழவழப்போடு உலர்த்துவதைத் தேன்முறை என்கிறார்கள். அதில் தேன் எதுவும் சேர்ப்பதில்லை, கையில் பிசுபிசுவென்று ஒட்டுவதால் வந்த பெயர் அது. அந்தக் கொட்டையின் நிறம் முன் சொன்ன இரண்டுக்கும் இடையில் இருக்கும். இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில், ஈரம் முழுதாக இறங்கும் முன்பே மேலோட்டை நீக்கிவிட்டு வெறும் கொட்டையைக் காயவைக்கும் வழக்கம் இருப்பதால், அங்கிருந்து வருவது அடர்ந்த நீலப்பச்சையாகவும், ஓரங்கள் சற்றுப் பிளந்தும் காணப்படும். காஃபீன் நீக்கிய கொட்டையோ வறுக்கும் முன்பே பழுப்பாகத்தான் இருக்கும். அதனால் உங்கள் மூன்றாவது மாதிரி எந்த வகை என்று விற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் குறை சொல்ல வேண்டாம்.

எனவே எந்த முறையில் உலர்த்தியது என்பதை முதலில் கேளுங்கள். அதன் பிறகு ஒரு பிடிக் கொட்டையைக் கறுப்புத் தாளின் மேல் பரப்பி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்த நிறம் என்பதைவிட, எல்லாக் கொட்டைகளும் ஒரே நிறமாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். ஒரு பக்கம் வெளுத்து ஒரு பக்கம் பச்சையாக இருந்தால் சீராகக் காயவில்லை என்றும், ஓரங்கள் மட்டும் வெண்மையாக மாறியிருந்தால் சேமிப்பில் ஈரம் ஏறியிருக்கலாம் என்றும், கழுவி உலர்த்திய கொட்டை முழுவதுமே வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தால் பழையது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். அடுத்தது மூக்கு. இரு உள்ளங்கைகளிலும் கொட்டையை எடுத்து வாயால் ஊதிச் சற்றுச் சூடாக்கிவிட்டு முகர்ந்தால், நல்ல கொட்டையில் பசும்புல்லோ காய்ந்த பட்டாணியோ போன்ற மெல்லிய மணம் வரும். வெயிலில் பழத்தோடு உலர்ந்ததில் பழவாசனையும் கலந்திருக்கும். பூஞ்சண வாடை, புளித்த காடியின் நெடி, சாக்கு நாற்றம், மண்ணெண்ணெய் வாடை ஆகியவற்றில் எது வந்தாலும், நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: பெரிய கொட்டைக்குத்தான் விலை அதிகம். பெரியதில் சுவையும் அதிகமா?

பதில்: இல்லை. விலையில் தெரியும் வேறுபாடு நாக்கில் அப்படியே தெரிவதில்லை. கொட்டையின் அளவைத் துளையிட்ட சல்லடைகளால் பிரிக்கிறார்கள். சல்லடை எண் என்பது துளையின் விட்டத்தை ஓர் அங்குலத்தின் 64 பங்குகளில் எத்தனை என்று சொல்வது. 18ஆம் எண் சல்லடையில் தங்கும் கொட்டை ஏறத்தாழ 7.1 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம் உடையது. கென்யாவின் ‘ஏஏ’, கொலம்பியாவின் ‘சுப்ரீமோ’ போன்ற பெயர்களைச் சுவைப் பட்டங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அவை அடிப்படையில் அளவுப் பெயர்கள். மரகோஜிப்பே என்ற வகையின் கொட்டை மிகப் பெரியதாக இருக்கும் என்பது அந்தச் செடியின் இயல்பு. எத்தியோப்பியாவிலிருந்து வரும் மிகச் சிறந்த கொட்டைகள் பலவும் சிறுத்தவை.

ஆனால் அளவுப் பிரிப்பு வறுப்பவருக்கு வேறொரு வகையில் பயன்படுகிறது. சிறியதும் பெரியதும் கலந்து கிடந்தால், பெரியது வேகும் முன் சிறியது கருகிவிடும். ஆகவே பெரிய கொட்டையைத் தேடுவதைவிட ஒரே அளவான கொட்டையைத் தேடுங்கள். பழத்துக்குள் இரண்டுக்குப் பதிலாக ஒற்றை விதையாக உருண்டு விளையும் பீபெரியும் இப்படித்தான்: அதில் சுவை செறிந்திருக்கிறது என்ற பேச்சைவிட, வாணலியில் உருண்டோடிச் சீராக வறுபடுகிறது என்பதே நான் அதை வாங்குவதற்குக் காரணம்.

கேள்வி: அரபிகா, ரொபஸ்டா என்ற இரு காப்பி இனங்களின் கொட்டைகளையும் வறுக்காமலே பார்த்துப் பிரித்தறிய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். அரபிகா நீள்வட்டமாகவும், அதன் நடுக்கீறல் சற்று வளைந்தும் இருக்கும். ரொபஸ்டா உருண்டையாகவும், நடுக்கீறல் நேராகவும் இருக்கும். அரபிகாவில் எடையில் ஏறத்தாழ 1.2 விழுக்காடும், ரொபஸ்டாவில் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கும் காஃபீன் உண்டு. நன்றாகத் தேறிய ரொபஸ்டா, சொத்தை கலந்த அரபிகாவைவிட எப்போதும் மேல்.

கேள்வி: வாங்கிய கொட்டையைத் தட்டில் பரப்பிப் பொறுக்குகிறேன். கறுப்பு, உடைசல், ஓட்டை விழுந்தது என்று எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கிறது. எதைக் கட்டாயம் நீக்க வேண்டும், எதை விட்டுவிடலாம்?

பதில்: உங்கள் கேள்விக்கு வணிகத்திலேயே ஒரு விடை இருக்கிறது. சிறப்புக் காப்பிச் சங்கம் நெடுங்காலமாகக் கையாண்டுவந்த தர வரையறையில், 350 கிராம் கொட்டையை எடுத்துப் பொறுக்கி, குறைகளை இரண்டு வகுப்பாகப் பிரித்து எண்ணுவார்கள். முதல் வகுப்பைச் சேர்ந்த குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது. இரண்டாம் வகுப்புக் குறைகள் ஐந்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டாம் வகுப்பில் ஒரு கொட்டையை ஒரு குறையாக எண்ணுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உடைந்த கொட்டை ஐந்து சேர்ந்தால்தான் ஒரு குறை. எல்லாக் குறையும் கோப்பையில் ஒரே அளவு கேடு செய்வதில்லை என்ற அனுபவ அறிவு இந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

முதல் வகுப்பில் வருபவற்றைத் தயங்காமல் எறியுங்கள். முழுக் கறுப்பானவை பெரும்பாலும் தரையில் விழுந்து கிடந்தோ அளவுமீறிப் பழுத்தோ கெட்ட பழங்களிலிருந்து வந்தவை. மஞ்சள் பழுப்போ செம்பழுப்போ ஏறிய புளித்த கொட்டைகள் நொதித்தல் கைமீறியதால் உண்டாகின்றன. ஒன்றை வெட்டி முகர்ந்தால் காடி நெடி அடிக்கும். இவற்றில் முற்றி அழுகிய ஒரே ஒரு கொட்டை, அதனோடு அரைத்த ஒரு கோப்பைக் காப்பி முழுவதையும் கெடுத்துவிடும். மேலே பொடிபோலப் பூஞ்சணம் படர்ந்தவை, உடைபடாமல் காய்ந்த முழுப் பழங்கள், கல், குச்சி ஆகியவையும் இந்த வகுப்பைச் சேர்ந்தவை. கல்லை விட்டுவிட்டால் சுவையோடு அரைக்கும் இயந்திரத்தின் பல்லும் போய்விடும்.

ஓட்டைகள் காப்பிக்காய் துளைப்பான் என்ற சிறு வண்டு செய்யும் வேலை. பெண் வண்டு பழத்தைத் துளைத்து உள்ளே சென்று, விதைக்குள் முட்டையிடுகிறது. ஊசியால் குத்தியதுபோல் ஒன்றோ இரண்டோ துளை உள்ள கொட்டை சிறு குறை. மூன்றும் அதற்கு மேலும் இருந்தால் பெருங்குறை. துளையைச் சுற்றிக் கருநீலக் கறை படர்ந்திருந்தால் எண்ணிக்கையைப் பார்க்காமல் எடுத்துவிடுங்கள், ஏனெனில் பூஞ்சணம் அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது.

உடைசல், சிப்பிபோல் குழிந்த கொட்டை, சுருங்கியது, ஓடு ஒட்டியது ஆகியவை இரண்டாம் வகுப்பு. இவற்றால் பெருங்கேடு இல்லை என்றாலும், மெலிந்த பகுதிகள் முதலில் தீய்ந்து கசப்பைச் சேர்க்கும் என்பதால் கண்ணில் பட்டதை எடுத்துவிடலாம். ஒவ்வொன்றாகத் தேடி ஒரு மணி நேரம் உட்கார வேண்டியதில்லை.

பச்சையில் எளிதாகத் தெரியாத ஒரு குறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதிராத பழத்தின் கொட்டை வெளிறிய பச்சையாக, சற்றுக் குழிந்து, ஓரம் கூர்மையாக, வெள்ளித்தோல் இறுக ஒட்டியபடி இருக்கும். பொறுக்கும்போது தப்பினாலும் வறுத்த பிறகு தப்பாது: அதில் போதிய சர்க்கரை இல்லாததால் மற்றவை பழுப்பாகும்போது இது மட்டும் வெளிறியே நிற்கும். மென்றால் காகிதமும் பச்சை வேர்க்கடலையும் கலந்த சுவை. வறுத்து ஆறியதும் இவற்றைப் பொறுக்கி எறிவது ஐந்து நிமிட வேலை. அதற்கு ஈடான பயன் வேறெந்த வேலையிலும் கிடைப்பதில்லை.

பொறுக்கியும் அகலாத குறைகளும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ருவாண்டா, புருண்டி நாடுகளின் கொட்டைகளில், பழத்தைக் குத்தும் ஒருவகை நாவாய்ப்பூச்சியோடு தொடர்புடைய உருளைக்கிழங்கு வாடை சிலவேளை வரும். வெளியே எந்த அடையாளமும் இருக்காது. அரைத்த உடன் தெரிந்துவிடும். அந்த ஒரு வேளைக்கு உரியதைக் கொட்டிவிட்டு அடுத்த வேளைக்கு அரைக்கலாம், மூட்டை முழுவதையும் வெறுக்க வேண்டாம்.

கேள்வி: பச்சைக் கொட்டையில் தூசி அதிகமாக இருக்கிறது. வறுக்கும் முன் கழுவிக் காயவைக்கலாமா?

பதில்: வேண்டாம். கழுவினால் தூசி போகும். ஆனால் வாரக்கணக்கில் பக்குவமாக இறக்கிய ஈரம் மேற்பரப்பில் மட்டும் திரும்ப ஏறி, வறுவல் சீர்கெடும், பூஞ்சணத்துக்கும் இடமாகும். உலர்ந்த துணியில் போட்டுப் புரட்டி, முறத்தில் புடைத்தால் போதும். வெள்ளித்தோலோடு மீதித் தூசியும் வறுக்கும்போது பிரிந்துவிடும்.

கேள்வி: நல்ல கொட்டையில் ஈரம் 10 முதல் 12 விழுக்காடு இருக்க வேண்டும் என்று படித்தேன். கருவி இல்லாதவர் இதை எப்படி அறிவது? மலை உயரத்தைப் பொட்டலத்தில் அச்சிடுகிறார்களே, அதைப் பார்த்து வாங்கலாமா?

பதில்: நீங்கள் படித்த அளவு சரியானது. பன்னாட்டுக் காப்பி அமைப்பு ஏற்றுமதிக்கு வகுத்த தர வரம்பும் ஈரம் 8 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 12.5 விழுக்காட்டுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு மேல் போனால் பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் ஆக்ராடாக்சின் என்ற நஞ்சு வறுக்கும்போது குறையுமே தவிர முழுதும் அழியாது என்பதால், இது சுவையோடு முடிந்துவிடும் செய்தி அன்று. அதற்குக் கீழே போனால் கொட்டை எளிதில் நொறுங்கும், மணம் குன்றும், வறுக்கையில் சூடு சட்டென்று ஏறி மேல்தோல் தீயும்.

கருவி இல்லாமல் எண்ணை அறிய முடியாது. ஆனால் கெட்டதை விலக்க முடியும். கொட்டையைப் பல்லிடையில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். பல் பதிந்து தடம் விழுந்தால் ஈரம் மிகுதி. பட்டென்று தூளாகத் தெறித்தால் மிகக் காய்ந்தது. தடம் விழாமல் கல்போல் எதிர்த்து நின்றால் நல்ல பக்குவம். தட்டில் கொட்டும்போது கலகலவென்று ஒலிக்க வேண்டும். மந்தமான ஓசை எழுந்தால் ஐயப்படலாம். துல்லியம் வேண்டுவோருக்கு ஆய்வகத்தில் உள்ள வழி ஒன்று உண்டு: கொட்டையை 105 பாகை செல்சியஸில் 16 மணி நேரம் வைத்து, குறைந்த எடையைக் கணக்கிடுவார்கள். வீட்டு அடுப்பில் அவ்வளவு நேரம் அந்தச் சூட்டை நிறுத்துவது இயலாத காரியம். அதைவிட, ஒவ்வொரு முறை வறுக்கும்போதும் முன்னும் பின்னும் எடை போட்டு எழுதி வையுங்கள். நடுத்தர வறுவலில் 100 கிராம் ஏறத்தாழ 84 முதல் 86 கிராமாக இறங்கும். அதே நிறத்துக்கு வறுத்தும் ஒரு கொட்டை வழக்கத்தைவிட அதிகமாக எடை இழந்தால் அதில் ஈரம் கூடுதல் என்று பொருள்.

மலை உயரம் பற்றி: குளிர்ந்த உயரங்களில் பழம் மெதுவாக முதிர்வதால் கொட்டை இறுகி, வன்மையாக இருக்கும். குவாத்தமாலாவில் ஏறத்தாழ 1,350 மீட்டருக்கு மேல் விளைவதை ‘மிகவும் கடினமான கொட்டை’ என்று பெயரிட்டே விற்கிறார்கள். ஆனால் உயரம் என்பது குளிருக்கு மாற்றாக நாம் சொல்லும் ஓர் எண் மட்டுமே. ஹவாய்த் தீவின் கோனா பகுதி பூமத்தியரேகையிலிருந்து 19 பாகைக்கு மேல் வடக்கே இருப்பதால், ஆயிரம் மீட்டருக்குக் கீழேயே அங்கே நல்ல காப்பி விளைகிறது. பொட்டலத்து எண்ணை நம்புவதைவிட, ஒரு லிட்டர் பாத்திரத்தைக் குலுக்காமல் கொட்டையால் நிரப்பி, வழித்து எடை போடுங்கள். பெரும்பாலும் 650 முதல் 750 கிராம் வரை இருக்கும். மேல் எல்லையை ஒட்டிய கொட்டை தொடக்கத்திலேயே நல்ல சூட்டைத் தாங்கும்; கீழ் எல்லையை ஒட்டியதை மிதமான சூட்டில் தொடங்க வேண்டும். தரத்தைச் சொல்வதோடு வறுக்கும் வழியையும் சொல்லிவிடும் சோதனை இது.

கேள்வி: பச்சைக் கொட்டை ஆண்டுக்கணக்கில் கெடாது என்று விற்பவர் சொல்கிறார். மொத்தமாக வாங்கி வைக்கலாமா?

பதில்: கெடாது என்பதும் சுவை குறையாது என்பதும் ஒன்று அல்ல. நன்கு உலர்ந்த கொட்டை இரண்டு ஆண்டுகள் கழித்தும் பூஞ்சணமின்றி இருக்கலாம். ஆனால் அதன் துடிப்பான புளிப்பும் பழமணமும் முன்பே போயிருக்கும், மரத்தூளும் பழைய காகிதமும் போன்ற ஒரு சுவைதான் மிஞ்சியிருக்கும். அறுவடையிலிருந்து ஓராண்டுக்குள் வறுத்து முடிப்பது நல்ல அளவுகோல். அதனால் கடையில் கேட்க வேண்டியது ‘எப்போது வந்தது’ என்று அன்று, ‘எப்போது பறித்தது’ என்று. பதில் ஏற்கத்தக்கதா என்பதை நீங்களே சரிபார்க்கலாம்: பிரேசிலில் பறிப்பு மே முதல் செப்டம்பர் வரையிலும், எத்தியோப்பியாவில் அக்டோபர் வாக்கில் தொடங்கி ஜனவரி வரையிலும், நடு அமெரிக்க நாடுகளில் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரையிலும் நடக்கும். உலர்த்தி, ஓடு நீக்கி, கப்பலில் வந்து சேரச் சில மாதங்கள் ஆகும். பிப்ரவரியில் ஒருவர் ‘போன மாதம் பறித்த பிரேசில்’ என்றால் அவருக்கும் தெரியவில்லை என்று பொருள்.

வேண்டுமென்றே முதிரவைத்த கொட்டைகளும், பருவக்காற்றின் ஈரத்தில் ஊறவிட்டு வெளிறச் செய்தவையும் இந்த விதிக்கு விலக்கு. அவற்றின் வெளிறிய நிறமும் புளிப்பின்மையும் குறை அல்ல, விரும்பி உண்டாக்கியவை.

சேமிப்பைப் பொறுத்தவரை, சுமார் 20 பாகை செல்சியஸ் வெப்பமும் 60 விழுக்காட்டை ஒட்டிய காற்று ஈரப்பதமும் இருக்கும் இருட்டான இடம் பொருத்தமானது. வெறும் சணல் சாக்கு காற்றிலுள்ள ஈரத்தையும் வாடையையும் உள்ளே விடும். உள்ளே காற்றுப் புகாத உறை இருந்தால் நல்லது. வாடையைப் பற்றி அனுபவத்தில் சொல்கிறேன்: ஒருமுறை நல்ல கழுவிய கொட்டை இரண்டு கிலோவைச் சலவை சோப்பு இருந்த அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து வறுத்தேன். சோப்பு மணம் வறுவலையும் தாண்டிக் கோப்பை வரை வந்தது. குளிர்சாதனப் பெட்டியில் அடிக்கடி வைத்தெடுப்பதும் வேண்டாம்; வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் கொட்டையின் மேல் நீர் வியர்க்கும். மூன்று மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதே என் வழக்கம்.

கேள்வி: ஒரு மூட்டை வாங்கும் முன் மாதிரியை எப்படிச் சோதிப்பது?

பதில்: குறைந்தது 200 கிராம் கேட்டு வாங்குங்கள். பாதியை மேலே சொன்னபடி பரப்பிப் பார்த்துப் பொறுக்குங்கள். ஆனால் மறுபாதியைப் பொறுக்காமலே வறுங்கள், ஏனெனில் வரப்போகும் மூட்டையை யாரும் உங்களுக்காகப் பொறுக்கித் தரப்போவதில்லை. கருக வறுத்தால் எல்லாக் கொட்டையும் ஒரே சுவையாகிவிடும். குறையை மறைக்க விரும்பும் விற்பனையாளர் கறுத்த வறுவலையே சுவைக்கத் தருவது அதனால்தான். கொட்டையின் வெப்பம் 200 பாகையை நெருங்கும்போது பொரிவதுபோல் முதல் வெடிப்பு கேட்கும்; அது தொடங்கி ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்துக்குள் இறக்கி ஆற்றிவிடுங்கள். அரை நாளாவது ஆறட்டும்.

பிறகு ஐந்து கிண்ணங்கள் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய 8.25 கிராம் கொட்டையைத் தனித்தனியாக அரைத்து, 93 பாகைச் சூட்டில் உள்ள வெந்நீரை 150 மில்லிலிட்டர் ஊற்றுங்கள். நான்கு நிமிடம் கழித்து மேலே திரண்ட ஏட்டைக் கரண்டியால் உடைத்து முகர்ந்து, நுரையை வழித்தெறிந்துவிட்டு, சூடாக இருக்கும்போது ஒருமுறையும் வெதுவெதுப்பாக ஆறிய பிறகு ஒருமுறையும் உறிஞ்சிச் சுவையுங்கள். சூட்டில் ஒளிந்திருக்கும் குறை ஆறும்போது வெளிவரும். ஒரு கிண்ணத்துக்குப் பதில் ஐந்து எதற்கு என்று தோன்றலாம். நான்கு ஒன்றுபோல் இருந்து ஒன்று மட்டும் புளித்தோ மருந்துநெடி அடித்தோ வேறுபட்டால், மூட்டைக்குள் கெட்ட கொட்டைகள் ஆங்காங்கே கலந்திருக்கின்றன என்பதை அது காட்டிக்கொடுக்கும். ஒற்றைக் கிண்ணத்தில் அது ஐந்தில் நான்கு முறை தப்பித்துவிடும்.

சோதனை தேறினால், பரப்பிப் பார்த்த பாதியில் ஒரு பிடியைத் தேதி எழுதிய மூடிய புட்டியில் வைத்திருங்கள். மூட்டை வந்ததும் அதன் வாய்ப்பகுதியில் கிடப்பதை மட்டும் பார்க்காமல், கையை ஆழமாக விட்டு நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து, புட்டியில் உள்ளதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறமோ மணமோ அளவோ மாறியிருந்தால், வறுக்கத் தொடங்கும் முன்பே விற்றவரிடம் இரண்டையும் காட்டிப் பேசிவிடுங்கள்.